பின்படிக்கட்டு பற்றி ஓர் ஆட்சேபம்

3 மார்ச் 1986, திங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வழக்கம்போல் தேதி இல்லை. உறையின் மேலிருந்த முத்திரையைப் பார்த்து, பிப்ரவரி இருபத்துநான்கு என்று நானே ஓரத்தில் குறித்துவைத்தேன். நோயாளிகளின் சீட்டிலாவது தேதி போடுவாய் என்று நம்புகிறேன்.

உன் மருத்துவமனையின் புதிய பிரசவக் கட்டடம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். பொதுக் கட்டடங்களின் வடிவமைப்பை ஆய்வு செய்யும் குழுவில் உறுப்பினனாக இருந்துகொண்டு அதைப் பற்றி வெளியில் எழுதுவது முறையன்று. ஆனால் குழுவின் முடிவு இன்னும் சில நாட்களில் அலுவலக வழியாக உனக்கு வந்துவிடும். அதில் உன் அண்ணனின் கையெழுத்தை நீ எதிர்பாராமல் பார்க்க நேர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை, பிப்ரவரி 27ஆம் தேதி, உங்கள் வரைபடங்கள் குழுவின் முன் வந்தன. கூட்டம் தொடங்குமுன் நான் எழுந்து, அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவர் என் உடன்பிறந்த தங்கை என்று சொல்லி, வெளியே உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். தலைவர் சிரித்தார். "தங்கச்சின்னா நீங்க ரெண்டு மடங்கு தோண்டுவீங்க ஐயா. உக்காருங்க" என்றார். நான் உட்கார்ந்தேன்.

வரைபடத்தில் ஒரு குறை இருக்கிறது. பிரசவ வார்டு முதல் மாடியில். கீழே இறங்க அகலமான முன்படிக்கட்டும், பக்கத்திலேயே சாய்தளமும் உண்டு. இரண்டும் ஒரே கூடத்தில் வந்து முடிகின்றன. அந்தக் கூடத்தில் புகை மூண்டால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும். பிறகு இருப்பது பின்படிக்கட்டு ஒன்றுதான். அதன் படிகள் திரும்புகிற லேண்டிங்கில் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப இடம் போதாது. நடக்க முடியாத பெண்களை எப்படி இறக்குவீர்கள்? இதை ஆட்சேபக் குறிப்பாக எழுதினேன். வரைபடம் திருப்பி அனுப்பப்படுகிறது.

கோபப்படுவாய் என்று தெரியும். உன் அண்ணி நலம். மாப்பிள்ளையின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்


(தேதியில்லை. தபால் முத்திரை 11 மார்ச் 1986.)

அண்ணா,

மாப்பிள்ளையின் முழங்கால் அப்படியே இருக்கிறது. என் தலைவலிக்குத்தான் இப்போது நீங்கள் பெயர் சூட்டியிருக்கிறீர்கள்.

இங்கே வந்து பாருங்கள். பிரசவ வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தலைமாடு கால்மாடாகப் படுத்திருக்கிறார்கள். மிச்சப் பேர் நடையில், தரையில். நேற்று ரவுண்ட்ஸ் போனபோது ஒரு பெண்ணின் பின்னலை மிதித்துவிட்டேன். "பரவாயில்ல டாக்டரம்மா, வழியில படுத்தது நான்தானே" என்கிறாள். மழை தொடங்கினால் அந்த நடையில் ஒழுகும். இதெல்லாம் உங்கள் வரைபடத்தில் வராது.

பின்புறம் கால்வாய் ஓடுகிறது. படிக்கட்டை அகலமாக்க அந்தப் பக்கம் ஒரு சாண் இடம் கிடையாது. அதை அகலமாக்கினால் இரண்டு பிரசவ அறைகள் போய்விடும், இல்லையென்றால் கட்டடத்தையே புதிதாக வரைய வேண்டும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். புதிதாக வரைந்தால் முதல் கட்டத்திலிருந்து உங்கள் குழுவின் முன் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். இந்த வருட ஒதுக்கீடு போய்விடும். அடுத்த வருடம் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இது வேறு யாருடைய ஆஸ்பத்திரியாகவாவது இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருப்பீர்களா? உங்கள் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னது உண்மை. தங்கைக்குச் சலுகை காட்டிவிட்டான் என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாது, அதுதானே உங்கள் கவலை? உங்கள் நேர்மையைக் காட்ட என் வார்டுதான் கிடைத்ததா?

அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை


15 மார்ச் 1986, சனி

அன்புள்ள தங்கைக்கு,

உன் கேள்விக்கு விடை: எழுதியிருப்பேன்.

நீ நினைப்பதுபோல் நான் ஒருவன் முரண்டு பிடித்து அத்தனை பேரையும் கட்டிப்போடவில்லை. ஆனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவர் ஆட்சேபக் குறிப்பு எழுதிவிட்டால், அதை விலக்க அவர் ஒருவரால்தான் முடியும். தலைவராலும் முடியாது, பெரும்பான்மையாலும் முடியாது. வரைந்தவர் எழுத்தில் பதில் தரவேண்டும். குறிப்பை எழுதியவர் திருப்தியடைந்து கையெழுத்திட வேண்டும். அதுவரை கட்டடம் நகராது. நாலு பேர் சேர்ந்து ஒருவர் வாயை அடைத்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு நல்ல மனிதர் ஏற்படுத்தியது. இன்று நீ அவரைச் சபிக்கக்கூடும்.

உன் ஆர்க்கிடெக்ட் பதில் அனுப்பினார். பின்படிக்கட்டு அவசரத்துக்கு மட்டுமே, அன்றாடம் யாரும் அதில் போகமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். அவசரம் பற்றித்தானே நான் கேட்டேன்? ஸ்ட்ரெச்சர் திரும்பும் என்று அவர் காட்டட்டும், அன்றே கையெழுத்திடுகிறேன்.

உன் கடிதத்தை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நீங்க சொல்றதுலயும் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே அப்பாவுக்குப் பொறந்தவங்கதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இது எனக்குச் சாதகமா, உனக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்


(தேதியில்லை. தபால் முத்திரை 2 ஏப்ரல் 1986.)

அண்ணா,

காட்டட்டும் என்று எழுதினீர்களே, காட்டியாகிவிட்டது.

ஆஸ்பத்திரி முற்றத்தில் முளையடித்துக் கயிறு கட்டினோம். லேண்டிங் வரைபடத்தில் என்ன அளவோ அதே அளவு, ஆர்க்கிடெக்ட்டே டேப் வைத்து அளந்தார். நோயாளிக்கு எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர். குரலுக்காக அவரைப் பீரங்கி என்று கூப்பிடுவோம், உடம்பும் அதற்கேற்றபடிதான். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தவர், "டாக்டரம்மா, ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னு இப்பவே சொல்லிடுங்க, எம் பொஞ்சாதிகிட்ட பதில் சொல்லணும்" என்றார். தூக்கியவர்கள் சிரித்ததில் முதல் தடவை கீழே போட்டுவிட்டார்கள். இரண்டாம் தடவை முளை பிடுங்கிக்கொண்டது. மூன்றாம் தடவை திரும்பியது. பெரிய சிஸ்டர் சாட்சி. அவர் சிரிக்கவே இல்லை. அவர் எதற்கும் சிரிப்பதில்லை.

சோதித்துப் பார்த்தோம், ஸ்ட்ரெச்சர் தடையின்றித் திரும்புகிறது என்று எழுதி, தலைமை மருத்துவர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டு, உங்கள் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். இனி நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. சொன்ன சொல் மாறாதவர் என்று ஊரே சொல்லும் ஆள் நீங்கள்.

வேலை முடிந்தவுடன் திறப்பு விழாவுக்கு முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போடுகிறேன். இப்போது கோபமில்லை.

தங்கை


7 ஏப்ரல் 1986, திங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

உன் சான்றைப் படித்தேன். கையெழுத்திட முடியவில்லை.

கயிறு இடம் கொடுக்கும், சுவர் கொடுக்காது. ஸ்ட்ரெச்சரைத் தூக்குகிறவர்களின் முழங்கைகள் கயிற்றுக்கு வெளியே போயினவா இல்லையா? இதை யாராவது கவனித்தார்களா? முளை பிடுங்கிக்கொண்டது என்று நீயே எழுதுகிறாய். முளை பிடுங்கிய இடத்தில் கட்டடத்தில் செங்கல் இருக்கும். மேலும், முற்றம் சமதரை. லேண்டிங்கில் ஒருவர் மேல்படியிலும் இன்னொருவர் கீழ்ப்படியிலும் நின்றுதான் திரும்ப வேண்டும். டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்கிறாய். அந்தப் படிக்கட்டில் இறங்குகிறவள் யாரும் சிரித்துக்கொண்டிருக்கமாட்டாள்.

முற்றத்தில் மறுபடி செய்து பார். கயிற்றுக்குப் பதிலாகப் பீரோக்களையும் பெஞ்சுகளையும் நிறுத்து. திரும்பினால் எனக்குத் தந்தி கொடு. மறுநாளே கையெழுத்து.

உன் சான்றில் "தடையின்றி" என்ற சொல்லை நீ எழுதியிருக்க வேண்டாம். மூன்றாம் தடவை என்று எழுதியிருந்தால் நான் இன்னும் மதித்திருப்பேன்.

அண்ணன்


(தேதியில்லை. தபால் முத்திரை 29 ஏப்ரல் 1986.)

அண்ணா,

பீரோக்களை நகர்த்த எனக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அவற்றை நகர்த்தினால் அந்த இடத்திலும் இரண்டு பேரைப் படுக்க வைப்பேன்.

ஆர்க்கிடெக்ட் வந்திருந்தார். உங்கள் குழுவின் வழக்கத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட பாதி ஒன்று இருக்கிறதாம். உறுப்பினர் குழுவைவிட்டுப் போய்விட்டால், அவருடைய குறிப்பும் அவரோடு போய்விடுமாம். "அவர் இருக்கிற வரைக்கும்தாங்க அது" என்றார்.

துறைச் செயலருக்கு எழுதிவிட்டேன். பொய் ஒரு வரிகூட எழுதவில்லை. நீங்கள் என் அண்ணன் என்று மட்டும் எழுதினேன். உறவினர் ஒருவர் இந்தக் கட்டடத்தைப் பற்றி முடிவெடுப்பது சரியா என்று கேட்டேன். பிப்ரவரியில் நீங்களே கேட்ட அதே கேள்விதான்.

எனக்கு இது சந்தோஷமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

தங்கை


26 மே 1986, திங்கள்

மதிப்பிற்குரிய தலைமை மருத்துவர் அவர்களுக்கு,

மே 12ஆம் தேதியிட்ட துறை ஆணையின்படி அடியேன் ஆய்வுக் குழுவின் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டேன். அதன் விளைவாக, தங்கள் மருத்துவமனையின் பிரசவக் கட்டடம் தொடர்பாக நான் எழுதியிருந்த ஆட்சேபக் குறிப்பு வலுவிழந்தது. மே 22ஆம் தேதி, வியாழக்கிழமை, கூடிய குழு வரைபடங்களுக்கு ஒப்புதல் அளித்துள்ளது. தங்கள் சான்று நடவடிக்கைக் குறிப்பில் பாராட்டுடன் சேர்க்கப்பட்டுள்ளதாக அறிகிறேன்.

நான் அத்தனை ஆண்டுகளும் வேலை பார்த்த அலுவலகத்தில், என் மேசையைக் காலி செய்யச் சென்ற அன்று, ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உறவினருக்காக விலக்கப்பட்டவர் என்றால், சலுகை காட்டியதற்காக என்றுதான் எவரும் நினைப்பர். இதைத் தாங்கள் யோசித்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

கட்டடம் நல்லபடியாக எழும்ப வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர்


(தேதியில்லை. தபால் முத்திரை 9 ஆகஸ்ட் 1986.)

அண்ணா,

இரண்டரை மாதமாக எழுதவில்லை. 'தாங்கள்' என்று எழுதிய கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, துணி அறையில் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் கருகி, போர்வைகளில் பற்றிக்கொண்டது. நெருப்பு கொஞ்சம்தான், ஒரு வாளித் தண்ணீரில் அடங்கிவிட்டது. ஆனால் புகை. போர்வைப் புகை இவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிரசவ வார்டின் வாசல் இருந்த பக்கமே தெரியவில்லை. நடக்க முடிந்தவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு போனார்கள். முந்தின நாள் வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்த ஒரு பெண் கடைசிக் கட்டிலில் இருந்தாள். அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, முன்பக்கம் பீரங்கி, பின்பக்கம் நான்.

நடையின் முனையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே திரும்ப வேண்டும். தினமும் எத்தனையோ தடவை திரும்புகிற முனை. அன்றைக்குத் திரும்பவில்லை. என் முழங்கை சுவரில் இடித்தது. பீரங்கியால் பின்னுக்கு வர முடியவில்லை, என்னால் முன்னுக்குப் போக முடியவில்லை. அவர் குரல் எழும்பவே இல்லை. "டாக்டரம்மா, மாட்டிக்கிச்சு" என்று மெல்லச் சொன்னார், யாரிடமோ ரகசியம் சொல்கிற மாதிரி. பெரிய சிஸ்டர்தான் ஜன்னலைத் திறந்தார். அவளைப் போர்வையோடு தூக்கி, ஜன்னல் வழியாக வெளியே நின்றவர்கள் கையில் கொடுத்தோம். தையல் பிரிந்துவிட்டது; மறுபடி போட்டேன். பிழைத்துக்கொண்டாள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

கீழ்த்தளம், அண்ணா. அதனால்தான் ஜன்னல். மாடியில் எந்த ஜன்னல்?

இன்னொன்று. அன்றைக்கு முற்றத்தில் அவர்களுடைய முழங்கைகள் கயிற்றுக்கு வெளியேதான் இருந்தன. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி அடிக்கல். மேடைக்குப் பலகை வந்து இறங்கிவிட்டது. நான் என்ன செய்ய?

தங்கை


14 ஆகஸ்ட் 1986, வியாழன்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உன் முழங்கை எப்படியிருக்கிறது என்று எழுது. வீக்கம் இருந்தால் படம் எடுத்துப் பார். மற்றவர்களுக்குச் சொல்வதை நீ செய்துகொள்ளமாட்டாய்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வேலை உத்தரவு வழங்கப்படும்வரை, கட்டடத்தைப் பயன்படுத்தப்போகும் நிறுவனத்தின் தலைவருக்கும் ஆட்சேபக் குறிப்பு எழுத உரிமை உண்டு. யாரும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. தனக்குக் கிடைக்கப்போகிற கட்டடத்தை யார்தான் தடுப்பார்? உத்தரவு அடிக்கல் நாளன்று வழங்கப்படும். அதற்குமுன் கூட்டம் செப்டம்பர் 4ஆம் தேதி, வியாழக்கிழமை.

எழுதினால், ஏப்ரலில் நீ கொடுத்த சான்றையும் அதே தாளில் திரும்பப் பெற வேண்டும். ஏன் என்று காரணமும் எழுத வேண்டும். உன் கையெழுத்தின் மேல் உன் துறைக்கு இருக்கிற நம்பிக்கை அன்றோடு குறையும். ஒதுக்கீடு போகலாம். கட்டடம் வேறு ஊருக்குப் போகலாம். மழைக்காலம் முழுவதும் அந்தப் பெண்கள் நடையில்தான் கிடப்பார்கள். இதெல்லாம் தெரிந்து எழுத வேண்டும்.

எழுது என்று நான் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. வாசகத்தை நான் எழுதித் தரவும் மாட்டேன். அது உன் சொல்லாக இருக்க வேண்டும்.

மே மாதக் கடிதத்தில் உன்னைத் 'தாங்கள்' என்று அழைத்ததற்கு உன் அண்ணி என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. நானே மனம் வருந்தித் திருந்தியதாக எண்ண வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்


5 செப்டம்பர் 1986, வெள்ளி

அன்புள்ள தங்கைக்கு,

நேற்றைய கூட்டத்துக்குப் போயிருந்தேன். பொதுமக்கள் உட்காருவதற்கென்று பின்சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு உண்டு. அங்கே உட்கார்ந்தேன். பார்வையாளர் பேசக் கூடாது என்று எழுதிய அட்டை அதற்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. அந்த அட்டையை மாட்டச் சொன்னது நான்தான்.

உன் குறிப்பைக் குழுவின் செயலாளர் படித்தார். "முழங்கைகள் கயிற்றுக்கு வெளியே இருந்ததைக் கண்டும் சான்றளித்தேன்" என்ற வரியில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு ஆர்க்கிடெக்ட் எழுந்து, உன் ஏப்ரல் சான்றை எடுத்துப் படித்தார். ஒரே மருத்துவர் ஏப்ரலில் திரும்பும் என்கிறார், ஆகஸ்டில் திரும்பாது என்கிறார், எதை நம்புவது என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

தலைவர் என்னைப் பார்த்துவிட்டார். பேச அழைத்தார். நான் அட்டையைக் காட்டினேன். "அட்டை கெடக்கட்டும் ஐயா" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தங்கச்சி ஆஸ்பத்திரிங்கறதாலதானே அன்னைக்கு அவ்வளவு பிடிவாதமா நின்னீங்க?"

மார்ச் 15ஆம் தேதிக் கடிதத்தில் உனக்கு ஒரு விடை எழுதினேன். நேற்று அவருக்கு வேறு விடை சொன்னேன். ஆம் என்றேன். வேறு கட்டடமாக இருந்திருந்தால் வரைபடத்தை இரண்டு முறை பார்த்திருப்பேன். இதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "அந்த மாடியில் புகை மூண்டால் எல்லோருக்கும் கடைசியில் வெளியே வருகிறவள் யார் என்று எனக்குத் தெரியும். அவள் வருவதற்கு வழி இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

உன் குறிப்பு ஏற்கப்பட்டது. அடிக்கல் நிறுத்தப்பட்டது. ஆர்க்கிடெக்ட் புதிதாக வரைய வேண்டும். அவர் அடுத்த மார்ச்சுக்குள் முடிப்பதாகச் சொல்கிறார். நான் ஜூன் என்று கணக்கிடுகிறேன். ஒதுக்கீட்டை டிசம்பர் இறுதிவரை மட்டும் வைத்திருப்பார்களாம். அதற்குள் நீ உன் குறிப்பை விலக்கிக்கொண்டால் பழைய வரைபடத்தின்படியே வேலை தொடங்கும். விலக்கும் உரிமை உனக்கு மட்டும்தான். இனி எல்லோரும் உன்னிடம்தான் வருவார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்


(தேதியில்லை. தபால் முத்திரை 30 அக்டோபர் 1986.)

அண்ணா,

வருகிறார்கள். நகராட்சியிலிருந்து வந்தார்கள், துறையிலிருந்து வந்தார்கள். "உங்க பேர்ல பெருமையா ஒரு கட்டடம் வரப்போவுது, நீங்களே குறுக்க நிக்கிறீங்களே" என்றார் ஒருவர். என் பேர் எனக்கு வேண்டாம் என்றேன். அவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். கத்துகிறவர்களிடம் நானும் கத்துவேன், அது எனக்குக் கைவந்த கலை.

மேடைப் பலகையை ஒப்பந்தக்காரர் எடுத்துப்போய்விட்டார். குறிப்பை விலக்கிக்கொள்கிறேன் என்று ஆர்க்கிடெக்ட்டே வாசகம் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார். கையெழுத்து மட்டும் போட வேண்டும். மேசையில் இருக்கிறது.

முந்தாநாள் நடையில், தரையில், ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. கட்டில் கிடைப்பதற்குள் பிறந்துவிட்டது. மேலே ஒழுகிக்கொண்டிருந்தது; பெரிய சிஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்று அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். இறங்கும் என்று நினைக்கிறேன். இறங்க வேண்டும்.

அவள் கணவர் கொத்தனார். அந்தக் கட்டட வேலைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்களாம். இன்று காலை குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "டாக்டரம்மா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேலை ஆரம்பிச்சிருமாமே, நெசமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பின்படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். காகிதத்தில் வரைந்து காட்டினேன். கொத்தனார் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார். லேண்டிங் பத்தாது, சரிதான் என்று அவரே சொன்னார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பிறகு சொன்னார், "நெருப்பு எப்பவோ ஒரு நாள் வரும்ங்கறீங்க. வராமலும் போகலாம். இவ இப்ப தரையில கெடக்கறா."

கோபமே இல்லை அவரிடம். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. கிழித்தும் போடவில்லை. உங்களிடம் இந்த மாதிரி யாராவது வந்து நின்றிருக்கிறார்களா, அண்ணா? என்ன சொன்னீர்கள்?

தங்கை


3 நவம்பர் 1986, திங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

யாரும் வந்து நின்றதில்லை. நான் ஆட்சேபக் குறிப்புகள் எழுதிய அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அது பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்திருந்தது. என்னிடம் வந்தவர்களெல்லாம் கையில் காகிதத்தோடு வந்தவர்கள். குழந்தையோடு ஒருவரும் வரவில்லை.

அந்தக் கொத்தனாருக்கு என்ன சொல்லலாம் என்று இன்று காலை முதல் எழுதிப் பார்த்தேன். விதி எண்ணைக் குறிப்பிட்டு ஒன்று எழுதினேன். மற்ற ஊர்களில் நடந்ததைச் சொல்லி ஒன்று எழுதினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "இதையெல்லாம் அந்த ஆள் முகத்தைப் பாத்துச் சொல்வீங்களா?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டுவிட்டேன். அவர் சொன்னது உண்மை. நாம் சொல்வதும் உண்மை. இரண்டில் எது பெரிது என்று அளக்க என்னிடம் அளவுகோல் இல்லை.

வியாழக்கிழமை, நவம்பர் 6ஆம் தேதி, மாலை வண்டியில் வருகிறேன். மறுநாள் காலை அங்கே இருப்பேன். கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ சொல்ல வரவில்லை. அதை நீதான் முடிவு செய்ய வேண்டும். எந்த முடிவென்றாலும் அதன்பின் உன்னிடம் நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

அவர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் வருகிற அன்றும் வருவார். உன் அறையில் இன்னொரு நாற்காலி போட்டுவை. அவர் வாசலில் நிற்கும்போது, முதன்முதலில் அந்த ஆட்சேபத்தை எழுதியவன் நான் என்று என் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். அதற்குமேல் அவர் என்ன கேட்டாலும் இரண்டு பேருமாகக் கேட்டுக்கொள்வோம்.

அன்புடன்,
அண்ணன்